தொழில்முறை டிராஃப்ட்ஸ்: காரைக்குடிப் பக்கத்திலிருந்து தொடங்க

டிராஃப்ட்ஸ் என்பது காய்களைக் குறுக்காக நகர்த்தி, எதிராளியின் காயைத் தாண்டி வெட்டும் பலகை ஆட்டம். சர்வதேச டிராஃப்ட்ஸுக்கு 100 கட்டம். ஆளுக்கு 20 காய். செஸ் பலகையின் 64 கட்டத்தில் பழகினால் கணக்கே தப்பும். வளவுத் (வீட்டு உள்முற்றத்துத்) தரையில் சாக்பீஸால் பத்துக்குப் பத்து போடுங்கள்; ஆடுபவரின் இடது மூலை கறுப்பு. ஒருவருக்குச் சோழி, மற்றவருக்கு ஒருபுறம் தேய்த்த புளியங்கொட்டை. காய் எதிராளியின் கடைசி வரிசையில் போய் நின்று ராஜாவானால் புரட்டி வைத்தால் போதும்.

பிழைப்புக்குப் பரிசுப் பணத்தை மட்டும் நம்ப வேண்டாம். மற்றவர்களுக்குப் பயிற்சி வகுப்பும் எடுங்கள்.

செஸ்காரர்கள் சறுக்குவது வெட்டில்தான். வெட்டு கட்டாயம்; பல வழி இருந்தால் அதிகக் காய் விழும் வழியிலேயே வெட்டியாக வேண்டும். சாதாரணக் காயும் பின்னோக்கி வெட்டும். வெட்டிக்கொண்டே கடைசி வரிசையைத் தொட்டுத் திரும்பும் காய் ராஜாவாகாது. இதனால்தான் ஒரு காயைக் கொடுத்து மூன்றை எடுக்கும் பொறிகள் பிறக்கின்றன. அவற்றைத் தினமும் காயைத் தொடாமல் மனத்திலேயே தீர்க்கவும்.

கறுப்புக் கட்டங்களுக்கு 1 முதல் 50 வரை எண். 32-28 (32-இலிருந்து 28-க்கு) என்று ஒவ்வொரு நகர்வையும் எழுதுங்கள்.