குடியரசுத் தலைவர் ஆட்சியில் யாரிடம் கணக்குக் கேட்பது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொண்டுவரும் அரசியல் சட்டத்தின் 356ஆம் பிரிவு ஒரு மாநிலத்தின்மீது பாய்ந்ததும் முதலில் பறிபோவது கேள்வி கேட்கும் இடம். முதலமைச்சர் இல்லை, அமைச்சரவை இல்லை, சட்டமன்றம் கூடாது. தலைமைச் செயலகத்தில் கோப்புகள் மட்டும் வழக்கம்போல் நகரும். இந்த முடிவுகளுக்கெல்லாம் யார் பொறுப்பு என்று கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டுவார்கள். அரசியல் சட்டத்தில் அப்படி எந்தக் குழப்பமும் இல்லை. சட்டமன்றத்துக்கு மாநில அமைச்சரவை கொடுக்க வேண்டிய கணக்கை, அந்தக் காலம் முழுக்க நாடாளுமன்றத்துக்கு மத்திய அமைச்சரவை கொடுத்தாக வேண்டும். இதைச் சரியாகப் பிடித்துக்கொள்ளாததால்தான் எம்.பி.க்களும் செய்தியாளர்களும் மக்கள் இயக்கங்களும் மாதக்கணக்கில் தவறான கதவைத் தட்டுகிறார்கள்.

ஆளுநரை மட்டும் குறிவைப்பது

மனுக்களும் ஊர்வலங்களும் ஆளுநர் மாளிகையை நோக்கியே போகின்றன. அன்றாட நிர்வாகத்தை ஆளுநரும் அவருக்குத் துணையாக நியமிக்கப்படும் ஆலோசகர்களும் நடத்துவதால் இது இயல்புதான். ஆனால் ஆளுநர் எந்த அவைக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல. 361ஆம் பிரிவு அவருக்கு வழக்குகளிலிருந்து தனிப்பட்ட பாதுகாப்பையும் தருகிறது. அவர் செயல்படுவது குடியரசுத் தலைவர் சார்பில். குடியரசுத் தலைவர் செயல்படுவது மத்திய அமைச்சரவையின் ஆலோசனைப்படி. அந்த அமைச்சரவை, 75(3)ஆம் பிரிவின்படி, மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பானது. சங்கிலி போய் முடியும் இடம் அதுதான்.

ஆளுநரின் அறிக்கை இருந்தால்தான் ஆட்சியைக் கலைக்க முடியும் என்பதும் தவறான எண்ணம். 'அறிக்கையின் பேரிலோ வேறு வகையிலோ' என்றுதான் 356 சொல்கிறது. 1991 ஜனவரி 30 அன்று தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டபோது, ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா அறிக்கை அனுப்ப மறுத்திருந்தார். அந்த 'வேறு வகை'யை வைத்தே காரியம் முடிந்தது. ஆகவே ஆளுநர் என்ன எழுதினார் என்பதோடு நிற்காமல், எந்த ஆவணங்களை வைத்து அமைச்சரவை முடிவுக்கு வந்தது என்று உள்துறை அமைச்சரிடம் கேட்க வேண்டும். அமைச்சரவையின் பரிந்துரையை ஒருமுறை திருப்பி அனுப்பும் உரிமை குடியரசுத் தலைவருக்கு உண்டு. 1997இல் உத்தரப் பிரதேசம், 1998இல் பீகார் ஆகியவை தொடர்பான பரிந்துரைகளை அப்போதைய குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் திருப்பி அனுப்பினார். இதுவும் பொறுப்பு அமைச்சரவையுடையது என்பதையே காட்டுகிறது.

முடக்கத்தையும் கலைப்பையும் ஒன்றாகப் பேசுவது

சட்டமன்றம் முடக்கப்பட்டால் எம்.எல்.ஏ.க்கள் எம்.எல்.ஏ.க்களாகவே இருப்பார்கள், அவை கூடாது, அவ்வளவுதான். பெரும்பான்மை திரண்டால் அதே சட்டமன்றத்துக்கு மறுபடி உயிர் கொடுக்கலாம். கலைத்துவிட்டால் தேர்தல்தான் வழி. கர்நாடக முன்னாள் முதலமைச்சர் எஸ்.ஆர். பொம்மையின் வழக்கில் 1994 மார்ச் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு வழங்கிய தீர்ப்பு இங்கே ஒரு தடையைப் போட்டது: நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் குடியரசுத் தலைவர் ஆட்சிப் பிரகடனத்துக்கு ஒப்புதல் தரும்வரை சட்டமன்றத்தைக் கலைக்கக் கூடாது, முடக்கி மட்டுமே வைக்கலாம். 'ஆட்சி கலைப்பு' என்று தலைப்பு வந்துவிட்டதே என்று எல்லாம் முடிந்ததாக நினைப்பவர்கள், மீட்க வாய்ப்புள்ள அந்த நாட்களை வீணாக்குகிறார்கள்.

நாட்களைத் தப்பாக எண்ணுவது

இங்கேதான் அதிகம் சறுக்குகிறார்கள். பிரகடனம் இரண்டு மாதத்துக்குள் மக்களவை, மாநிலங்களவை இரண்டிலும் ஒப்புதல் பெற வேண்டும். சாதாரணப் பெரும்பான்மை போதும். ஏதாவது ஓர் அவையில் நிறைவேறாவிட்டாலும் பிரகடனம் காலாவதியாகிவிடும். 1999 பிப்ரவரி 12 அன்று பீகாரில் கொண்டுவரப்பட்ட குடியரசுத் தலைவர் ஆட்சி மக்களவையில் தப்பியது. மாநிலங்களவையில் ஆளும் கூட்டணிக்குப் பலம் இல்லாததால் மார்ச் 8 அன்று மத்திய அரசே அதைத் திரும்பப் பெற்றது. ராப்ரி தேவி மீண்டும் முதலமைச்சரானார். மக்களவைக் கணக்கை மட்டும் பார்த்துவிட்டுச் சோர்ந்துபோகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஒப்புதல் கிடைத்தபின் ஆறு மாதக் கணக்கு தொடங்குவது ஒப்புதல் நாளிலிருந்து அல்ல, பிரகடன நாளிலிருந்து. மணிப்பூரில் 2025 பிப்ரவரி 13 அன்று பிரகடனம் வந்தது. மக்களவை ஏப்ரல் 3 அன்று ஒப்புதல் தந்தது. ஆனால் நீட்டிப்பு ஆகஸ்ட் 13 முதல் தேவைப்பட்டது, அக்டோபரில் அல்ல. ஆகஸ்ட் மாத மழைக்காலக் கூட்டத்தொடரில் கேட்க வேண்டியதை குளிர்காலக் கூட்டத்தொடருக்குத் தள்ளிவைத்தால், நீட்டிப்பு விவாதம் என்ற பெரிய வாய்ப்பு கைநழுவிப் போகும்.

ஓராண்டைத் தாண்டி நீட்டிக்க இரண்டு நிபந்தனைகள் ஒருசேர நிறைவேற வேண்டும்: நாடு முழுவதிலுமோ, அந்த மாநிலத்திலோ அதன் ஒரு பகுதியிலோ நெருக்கடி நிலை அமலில் இருக்க வேண்டும், தேர்தல் நடத்த முடியாத நிலை என்று தேர்தல் ஆணையம் சான்றளிக்க வேண்டும். 1978இல் அரசியல் சட்டத்தின் 44ஆவது திருத்தம் போட்ட பூட்டு இது. 'மூன்று ஆண்டுவரை நடத்தலாம்' என்று எழுதுகிறவர்கள் இந்தப் பூட்டை விட்டுவிடுகிறார்கள். 1987 முதல் 1992 வரை பஞ்சாபில் நீண்டதற்கு, அந்த மாநிலத்துக்கென்றே தனித்தனியாக அரசியல் சட்டத் திருத்தங்கள் கொண்டுவர வேண்டியிருந்தது.

ஒப்புதல் தீர்மானம் எந்த நேரத்தில் எடுக்கப்படுகிறது என்பதையும் கவனியுங்கள். மேற்சொன்ன ஏப்ரல் 3 தீர்மானம், வக்ஃபு மசோதா நிறைவேறிய கையோடு நள்ளிரவு தாண்டி எடுக்கப்பட்டது. ஒரு மாநிலத்தின் மொத்த நிர்வாகத்தைப் பற்றிய விவாதம் அவை களைத்துப்போன நேரத்தில் சுருங்கிவிடுவது பெரும் அநியாயம். விவாதத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதை, அவையின் நேரத்தைப் பங்கிடும் அலுவல் ஆய்வுக் குழுவிலேயே பேசி வாங்காவிட்டால், பிறகு அவையில் குரல் எழுப்பி அதிகப் பயனில்லை.

பொத்தாம்பொதுவாகக் கேள்வி அனுப்புவது

சாதாரண நாட்களில் 'பொது ஒழுங்கும் காவல் துறையும் மாநிலப் பட்டியலில் உள்ளவை' என்ற ஒற்றை வரியோடு உள்துறை அமைச்சகம் பதிலை முடித்துக்கொள்ள முடியும். குடியரசுத் தலைவர் ஆட்சியில் அந்தச் சாக்கு செல்லாது. மாநில விவகாரமே மத்திய அரசின் பொறுப்பாகிவிட்ட காலம் அது. ஆனாலும் கேள்வி தொளதொளவென்று இருந்தால் பதிலும் அப்படித்தான் வரும்.

'இடம்பெயர்ந்த மக்களுக்கு அரசு என்ன செய்திருக்கிறது?' என்று கேட்டால், அரசு எல்லா நடவடிக்கைகளையும் எடுத்துவருகிறது என்று பதில் வரும். அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள். பிரகடனம் வெளியான நாளிலும் இன்றைய தேதியிலும் முகாம்களில் இருந்த குடும்பங்கள் எத்தனை, மாவட்ட வாரியாக? மாநிலத் தொகுப்பு நிதியிலிருந்து எந்தக் கணக்குத் தலைப்பில் எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவானது? மறுகுடியேற்ற உத்தரவைப் பிறப்பித்தது ஆளுநரா, ஆலோசகரா, அமைச்சகமா, எந்த நாளில்? முடிக்கக் குறித்த கெடு என்ன? இதில் எதற்குப் பதில் வராவிட்டாலும், அந்த வெற்றிடமே அடுத்த கேள்விக்குப் பிடி கொடுக்கும்.

நடைமுறையும் தெரிந்திருக்க வேண்டும். கேள்விக்கான அறிவிப்பை முழுதாகப் 15 நாட்களுக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். கொடுக்கும் நாளும் பதில் நாளும் அதில் சேராது. ஒவ்வோர் அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள்தான் ஒதுக்கப்படுவதால், ஒரு வாரம் தவறினால் அடுத்த வாரம்தான். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்விகளும் கேட்கலாம். ஆனால் மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விகளுக்குத்தான் அந்த இடம். அதிலும் கேள்வி நேரம் முடிவதற்குள் எடுத்துக்கொள்ளப்படுபவை சில மட்டுமே. ஆகவே புள்ளிவிவரங்களை முதலில் நட்சத்திரக் குறியில்லாத கேள்வி வழியாக எழுத்தில் வாங்கிவிட்டு, அதை வைத்துப் பொறுப்பை நிலைநாட்டும் கேள்விக்கு நட்சத்திரக் குறியைக் கேட்பதே புத்திசாலித்தனம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

'தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்' என்ற பதிலைப் பார்த்ததும் விட்டுவிடுவது இன்னொரு தவறு. அந்த வாக்கியம் ஓர் உறுதிமொழியாகக் கணக்கில் வரும். அதை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும்; நிறைவேற்றாவிட்டால் அவையின் அரசு உறுதிமொழிக் குழு விளக்கம் கேட்கும். எம்.பி. ஒருவர் குழுவுக்கு எழுதி நினைவூட்டிக்கொண்டே இருந்தால், மறந்துபோன பதில்கள்கூட வெளியே வரும்.

பணத்தையும் சட்டத்தையும் கவனிக்காமல் விடுவது

மாநில பட்ஜெட் டெல்லியில் தாக்கலாகும் என்பதே பலருக்குத் தெரியாது. மணிப்பூரின் 2025-26 பட்ஜெட்டை மார்ச் 10 அன்று மத்திய நிதியமைச்சர் மக்களவையில் வைத்தார். மறுநாளே இடைக்காலச் செலவுக்கான அனுமதி நிறைவேறிவிட்டது. ஒரு முழு மாநிலத்தின் செலவை ஒரே நாள் இடைவெளியில் எத்தனை பேர் படித்திருக்க முடியும்? மானியக் கோரிக்கைகளை, அதாவது துறைகள் செலவுக்குக் கேட்கும் தொகைகளை, துறைவாரியாகப் பிரித்து, முந்தைய ஆண்டு ஒதுக்கீட்டோடு ஒப்பிட்ட இரண்டு பக்கக் குறிப்பை அன்று மாலைக்குள் எம்.பி.க்களின் கையில் சேர்ப்பதுதான் மாநிலத்தில் இருப்பவர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி. மக்களவை கூடாத நாட்களில், பின்னர் நாடாளுமன்றம் அனுமதிக்கும் என்ற நம்பிக்கையில், செலவுக்குக் குடியரசுத் தலைவரே அனுமதி தரலாம் என்கிறது 357ஆம் பிரிவு. அப்படிச் செலவானவற்றின் பட்டியலைத் தனியே கேட்டு வாங்குங்கள்.

அதே 357இன் கீழ், சட்டமியற்றும் அதிகாரத்தை நாடாளுமன்றம் குடியரசுத் தலைவரிடம் ஒப்படைக்கவும் முடியும். இதற்கென இயற்றப்படும் சட்டங்களில் வழக்கமாக இரண்டு காவல்கள் இருக்கும்: இயன்றபோதெல்லாம் எம்.பி.க்கள் அடங்கிய குழுவைக் கலந்தாலோசிப்பது. இயற்றிய சட்டத்தை இரு அவைகளிலும் வைத்து, 30 நாட்களுக்குள் திருத்தம் கோர இடம் தருவது. அந்த 30 நாட்களை யாரும் எண்ணாததால் சட்டங்கள் சத்தமில்லாமல் நிலைத்துவிடுகின்றன.

நீதிமன்றத்தைத் தாமதமாக நாடுவது

அமைச்சரவை என்ன ஆலோசனை தந்தது என்று நீதிமன்றம் கேட்க முடியாது. எந்த ஆவணங்களின் அடிப்படையில் தந்தது என்று கேட்கலாம். பொம்மை தீர்ப்பு திறந்த வழி இது. 2016 மார்ச் 27 அன்று உத்தராகண்டில் வந்த பிரகடனத்தை எதிர்த்து உடனே வழக்குப் போட்டார்கள். ஏப்ரல் 21 அன்று உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதற்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தாலும், மே 10 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்து பழைய அரசு திரும்பியது. பீகாரில் 2005 மே 23 அன்று சட்டமன்றத்தைக் கலைத்தது சட்டவிரோதம் என்று தீர்ப்பு வந்தும் அவை உயிர்பெறவில்லை. அதற்குள் தேர்தல் வேலைகள் முன்னேறிவிட்டன.

குடியரசுத் தலைவர் ஆட்சிக் காலத்தில் எடுக்கப்படும் தனித்தனி முடிவுகளை எதிர்ப்பது இன்னும் கடினம். ஜம்மு காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்து நீக்கப்பட்டதை எதிர்த்த வழக்கில் 2023 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதன்படி, முடிவு திரும்பப் பெற முடியாதது என்பதே அதைச் செல்லாததாக்காது. தீய நோக்கம் இருப்பதாக முதல் தோற்றத்திலேயே காட்ட வேண்டும். வெறும் 'மக்கள் தீர்ப்புக்கு விரோதம்' என்ற வாதத்தோடு போனால் வழக்கு நிற்காது. தேதி போட்ட உத்தரவுகள், கோப்புக் குறிப்புகள் வேண்டும்.

இவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாகக் கேட்கும்போது எல்லாவற்றையும் ஒரே மனுவில் உள்துறை அமைச்சகத்துக்கு அனுப்பிவிடாதீர்கள். பிரகடனம் தொடர்பான கோப்பு அங்கே இருக்கும். துறை உத்தரவுகள் மாநிலத் தலைமைச் செயலகத்திலேயே இருக்கும். மாநிலத் துறையின் தகவல் அலுவலரும் மாநிலத் தகவல் ஆணையமும் குடியரசுத் தலைவர் ஆட்சியால் இல்லாமல் போய்விடுவதில்லை. பதிலுக்கு 30 நாள், அதன்பின் முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள் என்ற கணக்கும் மாறாது.

புதுச்சேரிக்கும் இதே விதி என்று நினைப்பது

2021 பிப்ரவரியில் முதலமைச்சர் நாராயணசாமியின் அரசு விழுந்தபின் புதுச்சேரியில் வந்தது 356 அல்ல. 1963ஆம் ஆண்டின் ஒன்றியப் பிரதேசங்கள் அரசுச் சட்டத்தின் 51ஆம் பிரிவு அது. 'தாம் தகுமெனக் கருதும் காலத்துக்கு' அந்தச் சட்டத்தைக் குடியரசுத் தலைவர் நிறுத்திவைக்கலாம் என்கிறது அந்தப் பிரிவு. 356க்கு உள்ள இரண்டு மாதம், ஆறு மாதம் என்ற வரம்புகளை அங்கே போய்த் தேடினால் கிடைக்காது.

ஆட்சி திரும்பியதும் ஏட்டை மூடுவது

பிரகடனம் திரும்பப் பெறப்பட்ட மறுநாள் முதல், மாநில விவகாரங்களைப் பற்றி நாடாளுமன்றத்தில் கேட்கும் கதவு பழையபடி குறுகிவிடும். ஆனால் அந்தக் காலத்தில் இயற்றிய சட்டங்கள் தாமாக மறைவதில்லை. புதிய சட்டமன்றம் திருத்தும்வரையோ நீக்கும்வரையோ நீடிக்கும். எனவே எம்.எல்.ஏ.க்கள் முதல் கூட்டத்தொடரிலேயே மூன்று பட்டியல்களை அவையில் வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்: அந்த மாதங்களில் இயற்றிய சட்டங்கள், ஆளுநரும் ஆலோசகர்களும் ஒப்புதல் தந்த ஒப்பந்தங்களும் நியமனங்களும், டெல்லியில் தந்து இன்னும் நிலுவையில் உள்ள உறுதிமொழிகள். கடைசிப் பட்டியலின் நகலை அந்த மாநில எம்.பி.க்களுக்கும் அனுப்ப வேண்டும். உறுதிமொழிக் குழுவிடம் அதைத் தொடர்ந்து எழுப்ப அவர்களால்தான் முடியும்.