ஆரம்பகாலப் பேசும்பட நடிகையைப் பற்றி எழுத உட்காரும் முன்

டி.பி. ராஜலட்சுமியையே எடுத்துக்கொள்ளுங்கள். 'தமிழின் முதல் கதாநாயகி' என்று ஒரு வரியில் தொடங்காதீர்கள், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். 1911இல் திருவையாற்றில் பிறந்தவர், சினிமாவுக்கு முன்பே நாடக மேடையில் பாடி நடித்துப் பழகியவர். அங்கிருந்து தொடங்கினால்தான் 1931 அக்டோபர் 31 அன்று வெளியான, தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸு'க்கு அவர் ஏன் பொருத்தமாக இருந்தார் என்பது புரியும். பின்னணிக் குரல் என்ற வசதியே இல்லாத காலம், கேமரா முன்னால் நின்று நடிக்கிறவரே பாடவும் வேண்டும், அதனால் குரல் இல்லாதவருக்கு அங்கே வேலை இல்லை.

சரி, தகவலுக்கு எங்கே போவது? காளிதாஸின் பிரதி இன்று கிடையாது. அக்காலப் படங்கள் பலவற்றுக்கும் இதே கதிதான், ஆகவே பாட்டுப் புத்தகங்களைத் தேடுங்கள். கொட்டகை வாசலில் விற்ற அந்த மெல்லிய புத்தகங்களில் கதைச் சுருக்கம், நடிகர் பட்டியல், பாடல்கள் எல்லாம் இருக்கும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் ஆரம்பிக்கலாம். பாட்டுப் புத்தகத்தின் கதைச் சுருக்கம் மட்டும் முடிவைச் சொல்லாமல் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நழுவிவிடும், எரிச்சலாகத்தான் இருக்கும்.

அப்புறம், நடிப்போடு நிறுத்திவிடாதீர்கள். தானே எழுதிய நாவலை வைத்து 1936இல் 'மிஸ் கமலா'வை இயக்கியவர் அவர். எனக்குக் கேட்டால் கட்டுரையில் பாதி இடம் இதற்கே போகலாம்.