உப்புக்காற்றுக்கு அசராத நித்தியகல்யாணி

கடலோர வீட்டில் முதல் பூச்செடியாக என்ன வைக்கலாம் என்று யார் கேட்டாலும் நான் நித்தியகல்யாணி என்றுதான் சொல்வேன். கடலூர், புதுச்சேரி கடற்கரையில் தேவனாம்பட்டினம், தாழங்குடா, வீராம்பட்டினம் பக்கமெல்லாம் மணல் மண், உப்புக்காற்று, சித்திரை வெயில் மூன்றும் சேர்ந்து ரோஜாவைக் கருக்கிவிடும், ஆனால் மடகாஸ்கரிலிருந்து வந்த இந்தச் செடி வருஷம் முழுக்கப் பூக்கும். இலை கசப்பதால் ஆடு மாடும் வாய் வைக்காது. சுடுகாட்டுப் பூ என்று சிலர் வீட்டில் வைக்கத் தயங்குவார்கள், நீங்கள் தயங்க வேண்டாம்.

இதைக் கொல்வது வேரில் தேங்கும் தண்ணீர்தான். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டித் தீர்க்கும், தாழ்வான இடத்தில் தண்ணீர் நின்றால் அடித்தண்டு கறுத்து, மண் ஈரமாக இருக்கும்போதே செடி துவண்டுவிடும். அதைப் பார்த்து வாடுகிறதே என்று இன்னும் தண்ணீர் ஊற்றுகிறோம் பாருங்கள், அதோடு முடிந்தது. அதனால் மழைக்கு முன்பே ஒரு சாண் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு, தண்ணீர் வடிய ஓரத்தில் வாய்க்கால் இழுத்துவிடுங்கள். களிமண்ணாக இருந்தால் பாதிக்குப் பாதி மணல் கலக்கலாம். தொட்டி என்றால் அடியில் ஓட்டை கட்டாயம்.

தை, மாசியில் விதைப்பது நல்லது, மழைக்குள் வேர் பிடித்துத் தேறிவிடும். பழைய செடியில் ஜோடி ஜோடியாக நிற்கும் மெல்லிய காய்கள் மஞ்சளாகும்போதே பறித்துவிடுங்கள், விட்டால் வெடித்து விதை சிதறிவிடும். விதைக்கு இருட்டு வேண்டும், மேலே லேசாக மண் தூவி மூடினால் பத்து நாளுக்குள் முளைக்கும். நாலைந்து ஜோடி இலை விட்டதும் 30 செ.மீ. இடைவெளியில் நடுங்கள், நல்ல வெயில் படுகிற இடமாகப் பார்த்து. அப்புறம் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக்கிளை வெடித்துப் புதராகும்.

வேர் பிடித்தபின் மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர் போதும். போர் தண்ணீர் கொஞ்சம் உப்பாக இருந்தாலும் தாங்கும், மண்மேல் உப்பு வெள்ளையாகப் பூத்தால் ஒருநாள் நல்ல தண்ணீர் நிறைய விட்டு அலசிவிடுங்கள். இலை சிறுத்து, பூ பச்சையாக மாறினால் தத்துப்பூச்சி பரப்புகிற நோய் அது, மருந்து தேடாமல் வேரோடு பிடுங்கி எறியுங்கள்.

சர்க்கரை நோய்க்கு என்று இதன் பூவையும் இலையையும் கொதிக்க வைத்துக் குடிப்பவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் மருந்துகள் இந்தச் செடியிலிருந்துதான் எடுக்கப்படுகின்றன, டாக்டர்கள் அளந்து கொடுப்பதை வீட்டு அடுப்பில் அளக்க முடியாது. குழந்தைகளும் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மழை ஓய்ந்ததும் தையில் பாதி உயரத்துக்குக் கத்தரியுங்கள். ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும், அதிகம் போட்டால் இலைதான் செழிக்கும், பூ குறைந்துவிடும்.