1,800 ஹெர்ட்ஸ் இரைச்சலுக்கு நடுவே புரோட்டானைக் கேட்பது: சிங்கப்பூரில் மேக்னெட்டோமீட்டர் செய்யும் முறை

இரண்டு போத்தல் தண்ணீர், செம்புக் கம்பி, 12 வோல்ட் பேட்டரி, ஓர் ஆம்ப்ளிஃபையர். பூமியின் காந்தப்புலத்தை நானோடெஸ்லா கணக்கில் அளக்க இவ்வளவு போதும். சுருளில் சில வினாடி மின்சாரம் பாய்ச்சினால் தண்ணீரில் உள்ள புரோட்டான்களில் ஒரு சிறு பங்கு சுருளின் காந்தப்புலத்தின் பக்கம் திரும்பும். சட்டென்று நிறுத்தினால் அவை பூமியின் புலத்தைச் சுற்றிப் பம்பரம்போலத் தலைசுற்றும். அதே சுருளில் மெல்லிய, அலைவுறும் மின்னழுத்தம் எழும். 1954-இல் பேக்கார்டு, வேரியன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். அதன் அலைவெண்ணை ஹெர்ட்ஸில் அளந்து 23.487-ஆல் பெருக்கினால் புலத்தின் அளவு நானோடெஸ்லாவில் கிடைக்கும்.

சிங்கப்பூரில் புலம் சுமார் 42,000 முதல் 42,300 நானோடெஸ்லா வரை. அதாவது 1,788 முதல் 1,801 ஹெர்ட்ஸ். இங்கேதான் வில்லங்கம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் 36-ஆம் மடங்கு சரியாக 1,800. எல்இடி விளக்கு, சார்ஜர், லிஃப்ட் மோட்டார் எல்லாம் 100 ஹெர்ட்ஸின் மடங்குகளைக் கக்குபவை. 1,800 அதிலும் அடங்கும். எந்த ஃபில்டராலும் இந்த இரைச்சலையும் புரோட்டான் சிக்னலையும் நன்றாகப் பிரிக்க முடியாது. இரைச்சலைச் சுருளிலேயே அடக்குவதுதான் வழி.

அதற்குத்தான் இரட்டைச் சுருள். 65 மில்லிமீட்டர் விட்டமுள்ள அரை லிட்டர் பிளாஸ்டிக் போத்தல்கள் இரண்டு எடுங்கள். ஒவ்வொன்றிலும் 0.8 மில்லிமீட்டர் எனாமல் செம்புக் கம்பியை 100 மில்லிமீட்டர் நீளத்துக்கு, அடுக்குக்கு 100 சுற்றாக 5 அடுக்கு, மொத்தம் 500 சுற்று சுற்றுங்கள். போத்தல் ஒன்றுக்கு ஏறக்குறைய அரைக் கிலோ கம்பி வேண்டும். மின்தடை ஒன்றுக்கு 4 ஓமுக்குச் சற்றுக் குறைவு, இண்டக்டன்ஸ் 10 மில்லிஹென்றி வாக்கில். கம்பியையும் மற்ற பாகங்களையும் சிம் லிம் டவரில் தேடலாம். கம்பி இறுகும்போது போத்தல் நசுங்கும்; தண்ணீரை விளிம்பு வரை நிரப்பி மூடியபின் சுற்றினால் நசுங்காது. குழாய்த் தண்ணீரே போதும்.

இரண்டையும் பக்கத்தில் பக்கமாக நிமிர்த்தி வைத்து, அவற்றின் காந்தப்புலங்கள் எதிரெதிர் திசையில் இருக்கும்படி தொடராக இணையுங்கள். தூரத்து இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி வந்து ஒன்றையொன்று அழிக்கும். புரோட்டான்களோ இரு போத்தலிலும் எதிரெதிராகத் திரும்பியிருப்பதால் அவற்றின் சிக்னல் கூடும். சரிபார்ப்பது எளிது: சிறிது மின்சாரம் பாய்ச்சி, ஒரு திசைகாட்டியை இரண்டு போத்தலின் மேல்முனைக்கும் மாறி மாறிக் கொண்டுபோங்கள். ஒன்றில் ஊசியின் வடக்கு முனையும் மற்றதில் தெற்கு முனையும் இழுபட வேண்டும். இரண்டிலும் ஒரே முனை இழுபட்டால் ஒரு சுருளின் முனைகளை மாற்றுங்கள்.

ஏன் நிமிர்த்தி வைக்க வேண்டும்? சுருளின் அச்சு பூமியின் புலத்துக்குக் குறுக்கே இருக்க வேண்டும். துருவப் பக்கம் உள்ள நாடுகளில் புலம் கிட்டத்தட்ட செங்குத்து, அங்கே படுக்கவைப்பார்கள். இங்கே புலம் கிடைமட்டத்திலிருந்து சாய்வது சுமார் 15 பாகைதான். நிமிர்ந்த சுருள் எந்தப் பக்கம் திரும்பினாலும் 93 விழுக்காடு சிக்னலைத் தரும். வடக்கு தெற்காகப் படுக்கவைத்தால் 7 விழுக்காடுகூடத் தேறாது.

12 வோல்ட்டில் 1.5 ஆம்பியர் ஓடும். 6 வினாடி பாய்ச்சினால் போதும்; நிறுத்துவதுதான் உயிர்நாடி. சுருளுக்குக் குறுக்கே சாதாரண டையோடு போட்டால் மின்சாரம் மெல்ல வடியும். புரோட்டான்களும் மெல்லத் திரும்பிப் பூமியின் புலத்தோடு சேர்ந்துகொள்ளும், சிக்னலே வராது. சுவிட்சாக 200 வோல்ட் தாங்கும் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டரும், எழும் மின்னழுத்தத்தை அடக்க 100 வோல்ட் டிவிஎஸ் டையோடும் போடுங்கள்; கால் மில்லிவினாடி அளவில் அணைந்துவிடும். 30 மில்லிவினாடி கழித்து ரிலே சுருளை ஆம்ப்ளிஃபையருக்கு மாற்றட்டும். ரிலேயில் இரும்பு உண்டு. அதையும் பேட்டரியையும் 3 மீட்டர் கவசக் கேபிளின் மறுமுனையில் வையுங்கள்.

சுருள் புரோட்டானின் அலைவெண்ணில் ஒத்ததிர, அதற்கு இணையாக மொத்தம் 0.39 மைக்ரோஃபாரட் அளவில் பாலிபுரொப்பிலீன் கெப்பாசிட்டர். செராமிக் வேண்டாம், வெயிலில் மதிப்பு நகரும். டியூன் செய்ய, கைப்பேசியிலிருந்து 1,795 ஹெர்ட்ஸ் ஒலியை ஒரு சிறு வளையத்துக்குக் கொடுத்து, வளையத்தை ஒரே ஒரு போத்தலின் பக்கத்தில் பிடியுங்கள். நடுவில் பிடித்தால் இரண்டு சுருளும் அதை அழித்துவிடும். 0.33-உடன் 0.047, 0.01 என்று சேர்த்துப் பார்த்து ஆம்ப்ளிஃபையரில் ஒலி உச்சம் தொடும் இடத்தில் நிறுத்துங்கள். ஆம்ப்ளிஃபையருக்கு என்இ5534 சிப் போதும், மொத்தம் 10,000 மடங்கு பெருக்கம்; நுழைவில் பாதுகாப்புக்கு எதிரெதிராக இரண்டு 1என்4148 டையோடு. வெளியீட்டை மடிக்கணினியின் மைக் இணைப்பில் கொடுத்துப் பதிவுசெய்து அலைவெண்ணைப் பாருங்கள்.

கேட்கும் ஒலி புரோட்டான்தானா என்பதை மூன்று விதமாகச் சோதியுங்கள். மின்சாரம் பாய்ச்சாமல் ரிலேயை மட்டும் இயக்குங்கள். அப்போதும் ஒலி இருந்தால் அது மின்கம்பி இரைச்சல். 0.01 கெப்பாசிட்டரைக் கழற்றுங்கள். அலைவெண் மாறினால் அது சுருளின் சொந்த ரீங்காரம். உண்மையான சிக்னல் பலவீனமாகுமே தவிர இடம் மாறாது. கடைசியாக, அது ஓரிரு வினாடியில் தேய்ந்து மறைய வேண்டும். தேயாமல் 1,800-இல் நிலையாக நிற்பதை நம்பாதீர்கள்.

சிக்னல் கால் வினாடிக்குள் செத்துப்போனால் பக்கத்தில் இரும்பு இருக்கிறது. போத்தலின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் 100 நானோடெஸ்லா வித்தியாசம் இருந்தாலே 4 ஹெர்ட்ஸ் சிதறிச் சிக்னல் குலைந்துவிடும். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்குள்ளும் புளோக் கீழ்த்தளத்திலும் கான்கிரீட் கம்பிகள் இதற்கு மேலேயே செய்யும். வீட்டுக்குள் முயன்று சர்க்கியூட்டைக் குறை சொல்ல வேண்டாம். கட்டடம், வேலி, விளக்குக் கம்பம் எல்லாவற்றிலிருந்தும் தள்ளி, லிம் சூ காங் பக்கமோ புலாவ் உபினிலோ திறந்தவெளி தேடுங்கள். மரமேசை அல்லது பிளாஸ்டிக் ஸ்டூல் மீது தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் வைத்து, சாவி, பெல்ட், கைப்பேசியைத் தூரத்தில் போடுங்கள்.

சிக்னல் நன்றாக இருந்தும் அளவு நிமிடத்துக்கு நிமிடம் குதித்தால் எம்ஆர்டி தடம் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். ரயில்கள் நேர்மின்சாரத்தில் ஓடுகின்றன, வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்குத் தடங்களில் 750 வோல்ட். ஒவ்வொரு ரயில் கிளம்பும்போதும் புலம் அசையும். அதை ஃபில்டரால் நீக்க முடியாது. இடத்தைத்தான் மாற்ற வேண்டும். நண்பகலை ஒட்டி மெல்ல ஏறி இறங்கும் சில பத்து நானோடெஸ்லாவோ கோளாறு அல்ல. அது அயனமண்டலத்தின் வேலை, உங்கள் கருவி அதைக் காட்டத்தான் வேண்டும்.