புதிய பிரேக் பேடு கீச்சிடுவது ஏன்: மலையேறும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போடிநாயக்கனூரில் கார் வைத்திருப்பவர்களில் பலர் ஏலத்தோட்ட வேலையாக வாரத்துக்கு ஒரு முறையாவது போடிமெட்டு மலைச்சாலையைக் கடந்து பூப்பாறைக்கோ சாந்தாம்பாறைக்கோ போய்த் திரும்புகிறார்கள். அதனால் இங்கே பிரேக் பேடு சமவெளி ஊர்களைவிடச் சீக்கிரம் தேய்கிறது. மாற்றிய சில நாட்களிலேயே கீச்சென்று கத்துகிறது என்ற புகாரும் அடிக்கடி காதில் விழுகிறது. பேடு மட்டமான சரக்கு என்று கடைக்காரரைத் திட்டுவதே வழக்கம். ஆனால் என் அனுபவத்தில் பெரும்பாலான சத்தம் பேடு மாட்டும்போதோ, மாட்டிய பிறகு வண்டி ஓடும் முதல் சில கிலோமீட்டரிலோ நாமே உண்டாக்கிக்கொள்வதுதான்.

புதிதாக வாங்கிய இரும்புத் தோசைக்கல்லில் அன்றைக்கே யாரும் தோசை வார்ப்பதில்லை. கல்லைப் பழக்கிய பிறகே வார்க்கிறார்கள். சக்கரத்தோடு சுழலும் வட்டத் தகடான டிஸ்க்கும் வார்ப்பிரும்புதான், பேடு அதை இறுக்கிப் பிடித்துத்தான் வண்டியை நிறுத்துகிறது. பேடு சூடேறும்போது அதிலுள்ள பொருள் மெல்லிய படலமாக டிஸ்க்கின் மேல் படிகிறது. பேடிலுள்ள பிசினும் அப்போதுதான் பதமாகிறது. படலம் ஒரே சீராகப் படிந்தால் பிடிமானமும் சீராக இருக்கும். திட்டுத்திட்டாகப் படிந்துவிட்டால் பேடு ஓரிடத்தில் ஒட்டியும் அடுத்த இடத்தில் வழுக்கியும் வினாடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் அதிர்கிறது, அந்த அதிர்வே நம் காதுக்குக் கீச்சொலியாகக் கேட்கிறது. தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவுவோம். டிஸ்க்குக்கு எண்ணெய் ஆகாது.

எண்ணெயில்தான் முதல் தவறே தொடங்குகிறது. புதிய டிஸ்க் துருப்பிடிக்காமல் இருக்க அதன்மேல் எண்ணெய் பூசித்தான் பெட்டியில் வைத்து அனுப்புகிறார்கள். கண்ணுக்குப் பளபளவென்று சுத்தமாகத் தெரிவதால் அதை அப்படியே மாட்டிவிடும் பட்டறைகள் உண்டு. பிரேக் கிளீனர் அடித்து, வெள்ளைத் துணியால் இரு பக்கமும் துடைத்துப் பார்த்தால் துணி பழுப்பாவது தெரியும். கறை வராத வரைக்கும் துடைக்க வேண்டும். டிஸ்க்கும் சக்கரமும் பூட்டப்படும் நடுப்பகுதியான ஹப்பின் முகத்தில் துரு இருந்தால் அதையும் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் அந்தத் துருப்பொருக்கு டிஸ்க்கை மயிரிழை சாய்த்து உட்கார வைத்தாலே சுற்றுக்குச் சுற்று அது பேடில் இடித்துக்கொண்டிருக்கும். பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பர் நழுவும் பின்களுக்குப் பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸை வைக்க வேண்டும். கிரீஸ் பட்ட விரலால் பேடின் முகத்தைத் தொடக் கூடாது. பழைய டிஸ்க்கையே வைத்துக்கொள்வதாக இருந்தால் அதில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனை அளந்து பார்த்துவிட வேண்டும். விளிம்பில் வரப்பு போல மேடு எழும்பிய டிஸ்க்கில் புதுப் பேடு முழு முகமாக உட்காராது.

இவற்றையெல்லாம் ஒழுங்காகச் செய்தவர்களும் சறுக்குவது அடுத்த இடத்தில், அதாவது பேடு மாற்றிய அன்றே மலையேறுவதில். போடியிலிருந்து ஏறும்போது பிரேக்குக்கு வேலையே இல்லை. ஆகவே புதுப் பேடின் முதல் உண்மையான வேலை, 17 கொண்டை ஊசி வளைவுகளும் ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரமும் கொண்ட இறக்கமாக அமைந்துவிடுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1,200 கிலோ எடையுள்ள கார் ஆயிரம் மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், அதே காரை 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஏறக்குறைய 70 முறை நிறுத்துவதற்குச் சமம். எஞ்சினும் காற்றும் அதில் ஒரு பங்கைத் தாங்கும் என்றாலும், பெடலிலேயே காலை வைத்து இறங்குபவரின் பேடு இன்னும் பதமாகாத பிசினோடு அத்தனை சூட்டையும் வாங்கி, முகம் கண்ணாடி போல வழவழப்பாகிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் நானே அப்படி இறங்கியவன்தான். காலையில் பேடு மாற்றி, மதியம் பூப்பாறை போய், மாலையில் திரும்பினேன். மலையடிவாரத்து முந்தல் சோதனைச்சாவடியில் வண்டிகள் வரிசையாக நின்றன. கருகிய வாடை மூக்கில் ஏற, பெடலை அழுத்தியபடியே ஐந்து நிமிடம் நின்றேன். மறுநாள் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபோது, டிஸ்க்கில் பேடின் உருவம் அச்சுக் குத்தியது போல நீலச்சாம்பலாகப் பதிந்திருந்தது. அதன்பின் ஒவ்வொரு முறை பிரேக் பிடித்தபோதும் ஸ்டியரிங் நடுங்கியது. டிஸ்க் கோணிவிட்டது என்றார் மெக்கானிக். இப்படிச் சொல்லப்படும் பல டிஸ்க்குகள் கோணியவையே அல்ல. சூடாக நிறுத்திய இடத்தில் பேடின் பொருள் தடித்து ஒட்டியிருப்பதுதான் காரணம்.

ஆகவே பேடு மாற்றிய மறுநாள் விடியற்காலையில், நெரிசல் தொடங்கும் முன், போடி–தேனி சாலை போன்ற சமதளத்துக்கு வண்டியைக் கொண்டுபோங்கள். பேடு மாட்டியதுமே, வண்டியை நகர்த்தும் முன், நின்ற இடத்திலேயே பெடலைப் பலமுறை மிதித்துக் கெட்டியாக்கிக்கொள்ள வேண்டும். இதை மறந்தால் முதல் மிதியில் பெடல் தரைவரை போகும். பின்னால் வண்டி வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை நடுத்தர அழுத்தத்தில் சீராகக் குறைத்து, நிற்காமல் மறுபடி வேகமெடுங்கள். சக்கரம் இறுகி நின்றுவிடாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்யும் அளவுக்கு மிதிக்கக் கூடாது. இடையிடையே சற்று ஓடவிட்டுப் பத்து முறை இப்படிச் செய்தபின், பத்து நிமிடம் பிரேக்கைத் தொடாமலேயே ஓட்டி ஆறவிட வேண்டும். பேடின் பெட்டியில் வேறு முறை அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். பின்சக்கரத்திலும் டிஸ்க் உள்ள கார்களில் ஆறும்வரை ஹேண்ட் பிரேக்கைப் போட வேண்டாம். முதல் சில நாட்கள் மலைப் பயணத்தைத் தள்ளிப்போட முடியாதவர்கள், ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்வதைக் கேட்டு, எஞ்சினை வைத்தே வேகத்தைப் பிடித்துக்கொண்டு, பிரேக்கை விட்டுவிட்டு மட்டும் மிதித்து இறங்கலாம்.

சத்தம் வந்துவிட்டால் செய்யும் வைத்தியங்கள் தனிக் கதை. பேடின் முகத்தில் எண்ணெயோ கிரீஸோ தடவுவது சத்தத்தோடு பிரேக்கையும் போக்கிவிடும். எண்ணெய் ஊறிய பேடைக் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். இலேசாக வழவழப்பான பேடை உப்புத்தாளில் தேய்த்து, டிஸ்க்கையும் சுத்தம் செய்து, மேலே சொன்ன ஓட்டத்தை மறுபடி ஒருமுறை செய்வதால் பல வண்டிகளில் சத்தம் அடங்குகிறது. தேய்க்கும் தூசியை மூச்சில் இழுக்காமல் முகத்தை மூடிக்கொள்ள வேண்டும். இரவு சாரலில் நின்ற வண்டி காலையில் முதல் இரண்டு மூன்று மிதிகளுக்குக் கரகரப்பது டிஸ்க்கில் படிந்த மேல்துரு, அதற்காகப் பட்டறைக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் பல மாதங்கள் ஓடிய பேடில், வண்டி ஓடும்போதே கூர்மையான கீச்சொலி விடாமல் கேட்டால், பேடு தேய்ந்து அதிலுள்ள எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கை உரசுவதாக இருக்கலாம். அந்த வண்டியை மெட்டு ஏற்றாமல் நேரே பட்டறைக்கு விட வேண்டும்.