ஸ்கிம்மர் சின்னது, தொட்டி பெரியது என்றால்

உப்புநீர் மீன்தொட்டிக்கு உங்கள் புரோட்டீன் ஸ்கிம்மர் (காற்றுக்குமிழியால் கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி) போதவில்லையா? புதிது வாங்குமுன் அதை சம்ப்பின் (தொட்டிக்குக் கீழே வைக்கும் வடிகட்டும் தொட்டி) முதல் அறைக்கு மாற்றுங்கள்; தொட்டியின் மேல்நீர் வழியும் ஓவர்ஃப்ளோ குழாயில் இறங்கும் தண்ணீர் நேராக அதற்குப் போகட்டும். மீன் கழிவிலும் மிச்சத் தீனியிலும் இருந்து வரும் புரதமும் கொழுப்பும் நீரின் மேற்பரப்பில்தான் படலமாகச் சேரும். ஓவர்ஃப்ளோ வழித்தெடுப்பது அந்தப் படலத்தைத்தான். கடைசி அறைக்கு வருவதற்குள் அது கலந்து நீர்த்துவிடும்.

அப்புறம் காற்று. காற்றுக்குழாய் வாயில் வெள்ளையாக உப்பு படிந்தால் குமிழி குறையும். வாரம் ஒருமுறை, ஸ்கிம்மர் ஓடும்போதே குழாய் முனையை ஒரு டம்ளர் வெதுவெதுப்பான ஆர்ஓ தண்ணீரில் முக்குங்கள். அதுவே உறிஞ்சி உப்பைக் கரைத்துவிடும். நுரை சேரும் கப்பின் கழுத்தில் ஒட்டும் பழுப்புப் பிசுக்கையும் இரண்டு மூன்று நாளுக்கொருமுறை துடைத்துவிடுங்கள். பலர் சோம்பல்படுவது இதில்தான். பிசுக்கு இருந்தால் நுரை மேலே ஏறாது.

முதல் அறையில் நீர்மட்டம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் இந்த இடமாற்றம் சரிப்படாது. நுரை ஒருநாள் வழியும், மறுநாள் வராது. தொட்டியில் மீன் நெரிசல் என்றால் பெரிய ஸ்கிம்மர்தான் வழி.