கல் பட்டறைச் சீட்டை வெளியாளுக்கும் புரியும்படி எழுதுவது

"வளவுக்கு 200. பழைய டிசைன், சிவப்பு. பார்டர் தனி. வெள்ளிக்குள்."

ஆத்தங்குடிக் கல், அதாவது கையால் வார்க்கும் சிமென்ட் தரை ஓடு, செய்யும் பட்டறையில் பல வருடம் அங்கேயே வேலை பார்க்கும் மேஸ்திரிக்கு இந்தச் சீட்டு போதும். எந்த வீடு, எந்த அச்சு என்பதெல்லாம் அவர் மனதில் இருக்கிறது. இதையே படம் பிடித்து வாட்ஸப்பில் சென்னை ஆர்கிடெக்டுக்கோ, நேற்றுச் சேர்ந்த கணக்கருக்கோ அனுப்பினால் அவர்கள் கையில் கிடைப்பது பாதிச் செய்திதான். ஆகவே எழுத உட்காரும்போது முதல் கேள்வி: இதைப் படிக்கப்போவது யார், அவருக்கு எது தெரியாது?

இந்தச் சீட்டையே சொல் சொல்லாகப் பார்க்கலாம். "வளவு" என்பது செட்டிநாட்டு வீட்டில் முற்றத்தைச் சுற்றிய பகுதி; அதில் எந்த இடம் என்று சீட்டில் இல்லை.

"200" என்பது கல்லா, சதுர அடியா? பெரும்பாலும் தப்பு இங்கேதான் நடக்கிறது. 8 அங்குலக் கல்லில் 100 சதுர அடிக்கு 225 கல் வேண்டும். 10 அங்குலம் என்றால் 144. ஆக 200 சதுர அடிக்கு 8 அங்குலத்தில் 450 கல். அதை 200 கல் என்று படித்தவர் 89 சதுர அடிக்குத்தான் வார்த்திருப்பார். குறைந்ததைப் பிறகு வார்த்துக் கொடுத்தாலும், கைவேலை என்பதால் நிறம் முதல் ஈட்டோடு அச்சு அசலாகச் சேராது. அதனால் அளவு, எண்ணிக்கை, வெட்டுச் சேதாரம் மூன்றையும் எழுதுங்கள். 4 கல் சேர்ந்து ஒரு பூ என்றால் எண்ணிக்கையும் நான்கால் வகுபட வேண்டும்: 450 அல்ல, 452.

"பழைய டிசைன்" என்றால் எது? அச்சு எண்ணைப் போடுங்கள். "சிவப்பு" இன்னும் மோசம். ஈரக் கல்லின் நிறம் வேறு, காய்ந்த கல்லின் நிறம் வேறு. காய்ந்த மாதிரிக் கல் ஒன்றைக் காட்டி, "இதன் நிறம்" என்று எழுதுவதே பாதுகாப்பு.

"பார்டர் தனி" என்பதைத் தனி ரசீது, தனிக் கட்டு, பிறகு சொல்கிறேன் என்று மூன்று விதமாகப் படிக்கலாம். மூலைக் கல்லை வேறு எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். முற்றத்தைச் சுற்றி ஓடும் நடைக்கு இருபுறமும் பார்டர் என்றால் சுவர்ப்பக்கம் 4, முற்றத்துப்பக்கம் 4, ஆக 8.

"வெள்ளிக்குள்" வார்ப்பதா, வண்டியில் ஏற்றுவதா? வார்த்த கல் தொட்டித் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறி, மறுபடி உலர வேண்டும். இது தெரியாதவர் வியாழன் வார்த்தால் வெள்ளி கிடைத்துவிடும் என்றே நினைப்பார்.

திருத்திய சீட்டு இப்படி வரும்:

"முதல் வளவு, சுற்று நடை. பார்டர் போகத் தரை 182 சதுர அடி, சேதாரத்தோடு 200. 8 அங்குலக் கல் 452. அச்சு 14. நிறம்: ஆபீஸ் மாதிரிக் கல், காய்ந்த நிலையில். பார்டருக்கு வேறு சீட்டு வரும், மூலைக் கல் 8 அதில் சேரும். மார்ச் 14 வெள்ளி காலை வண்டியில் ஏற்ற வேண்டும்."

செட்டிநாட்டில் "கட்டு" என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். "2 கட்டு கல்" என்பது இரண்டு பொதியாகவும் இருக்கலாம், வீட்டின் இரண்டாம் கட்டுக்கான, அதாவது இரண்டாம் பகுதிக்கான, கல்லாகவும் இருக்கலாம். "இரண்டாம் கட்டு" என்று எழுத்தில் எழுதி, பொதிக்குப் "பண்டல்" என்றே போடுங்கள். "நம்ம கோயில் வேலை" என்றாலும் அப்படித்தான். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கோயில்கள் ஒன்பது. இளையாத்தங்குடியா, மாத்தூரா, பிள்ளையார்பட்டியா என்று ஊர்ப்பெயரோடு எழுத வேண்டும்.

சுருக்கமாக எழுதுவதே தப்பு என்று சொல்லவில்லை. பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்த நகரத்தார், குடும்பத்துப் பெயர்களின் முதலெழுத்துகளை அடுக்கி "விலாசம்" என்ற கடைப்பெயராக வைத்தார்கள். அந்த இரண்டு மூன்று எழுத்திலேயே யார் வீட்டுக் கடை என்பது அடங்கிவிட்டது, ஏனென்றால் படிப்பவர்களும் அதே வட்டத்துக்காரர்கள். இன்றும் மேஸ்திரிக்கு எழுதும் சீட்டு சின்னதாக இருப்பதே நல்லது. தெரிந்ததையெல்லாம் அவருக்கு விளக்கினால், புதிதாக மாறிய ஒரே அளவு அந்தக் கூட்டத்தில் காணாமல் போகும். வெளியாளுக்குப் போகும் தாளில் மட்டும் விரியுங்கள்.

அனுப்புமுன் "வழக்கம்போல", "அதே மாதிரி", "போன தடவை", "சொன்னபடி", "நாளை" ஆகிய சொற்களைத் தேடுங்கள். முதல் நான்குக்கும் பின்னால் எழுதாத விவரம் ஒன்று ஒளிந்திருக்கும். "நாளை" மறுநாள் படிக்கப்பட்டால் ஒரு நாள் தள்ளிவிடும்; தேதியே போடுங்கள். பிறகு புதிதாகச் சேர்ந்தவரிடம் சீட்டைக் கொடுத்து, "இப்ப என்ன செய்யப் போறீங்க?" என்று கேளுங்கள். "புரிஞ்சுதா?" என்றால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள்.

ஒவ்வொரு அச்சிலும் வார்த்த கல்லைப் படம் பிடித்து, எண் போட்டுச் சுவரில் மாட்டி வையுங்கள். தேய்ந்து ஒதுக்கிய அச்சின் எண்ணைப் புது அச்சுக்குக் கொடுக்க வேண்டாம். பத்து வருடம் கழித்து உடைந்த கல்லை மாற்ற வருகிறவர் கையில் அந்தப் பழைய எண்தான் இருக்கும்.